அவர்கள் போராட்டத்தில் நமக்கு என்ன வேலை?

மினியாபொலிஸில் எச்-1பி விசாவில் வேலை பார்ப்பதாகவும், 2016-ல் வடக்கு டகோட்டாவின் ஸ்டாண்டிங் ராக்கில் தொல்குடி மக்கள் எண்ணெய்க் குழாயை எதிர்த்து நடத்திய போராட்டத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதுபோல ஓர் எண்ணெய்க் குழாய்க்கு எதிராகத் தொல்குடி மக்கள் மறுபடி திரண்டால் நேரில் போவதா, பணம் அனுப்பினால் போதுமா, கடைசியில் எண்ணெய் ஓடத்தானே போகிறது, இதனால் என்ன பயன் என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: அந்த மண்ணில் பூர்விகம் இல்லாத ஒருவர், அவர்களுக்குப் பாரமாகிவிடாமல் எப்படிக் கைகொடுப்பது? அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் நிலத்தடி நீர்ப் பொறியாளர். பதினெட்டு வருஷமாக மினசோட்டாவில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளைப் படிப்பதும், அவற்றில் எது விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவதும்தான் தொழில். 2016 அக்டோபரில் ஆறு நாள், நவம்பரில் நான்கு நாள் ஸ்டாண்டிங் ராக் முகாமில் இருந்தேன். வழக்கறிஞர் அல்ல, அங்கே வாழும் லக்கோட்டா மக்கள் (சூ இனத்தின் ஒரு பிரிவினர்) சார்பில் பேசும் உரிமையும் எனக்கு இல்லை. தண்ணீர், குழாய், அறிக்கை பற்றி நான் சொல்வதை நம்பலாம். சட்டம் பற்றிச் சொல்வதை ஒரு வக்கீலிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துணை நிற்பதன் முதல் படியே அதைத் தெரிந்துகொண்டு போவதுதான். டகோட்டா அக்சஸ் குழாய் 1,172 மைல் நீளம், 30 அங்குல விட்டம். வடக்கு டகோட்டாவின் பாக்கன் வயல்களில் எடுக்கும் கச்சா எண்ணெயை இல்லினாய் மாநிலத்தின் பட்டோக்கா வரை கொண்டுபோகிறது. செலவு 380 கோடி டாலர். வழியில் மிசூரி ஆற்றை, ஓவாஹி அணையின் நீர்த்தேக்கத்துக்கு அடியில் கடக்கிறது. அந்த இடத்திலிருந்து அரை மைலுக்குச் சற்று அப்பால், ஆற்றின் கீழ்ப்பக்கம் ஸ்டாண்டிங் ராக் ரிசர்வேஷன் ஆரம்பம். (நம்மூரில் ரிசர்வேஷன் என்றால் இடஒதுக்கீடு, இங்கே அது ஒப்பந்தத்துக்குப் பிறகு ஓர் இனத்துக்கு மிஞ்சிய நிலம்.) மாநிலத் தலைநகரான பிஸ்மார்க்குக்கு வடக்கே ஆற்றைக் கடக்கும் ஒரு வழியும் முதலில் பரிசீலனையில் இருந்தது. அது கைவிடப்பட்டதற்குச் சொன்ன காரணங்களில் நகரத்தின் குடிநீர்க் கிணறுகளுக்குப் பக்கத்தில் வருகிறது என்பதும் ஒன்று. இந்த ஒரு தகவலை மட்டும் வைத்துக்கொண்டு யோசித்தாலே அங்கே இருந்த கோபம் புரியும்.

ஆனால் கோபம் 2016-ல் பிறந்தது அல்ல. 1851, 1868 என்று லாரமி கோட்டையில் அமெரிக்க அரசு சூ மக்களோடு இரண்டு ஒப்பந்தங்கள் போட்டது, இரண்டும் மீறப்பட்டன. அவர்களுடைய கறுப்பு மலைகளைப் பறித்தது தவறு என்று 1980-ல் உச்ச நீதிமன்றமே சொல்லி 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சூ மக்கள் அந்தப் பணத்தைத் தொடவில்லை, மலை வேண்டும் என்றார்கள். வட்டியோடு அது நூறு கோடி டாலரைத் தாண்டியும் இன்னும் அப்படியே கிடக்கிறது. நடுவில் ஓவாஹி அணை வந்தது. 1944-ல் சட்டம், 1948-ல் வேலை, 1962-ல் முடிவு. ஸ்டாண்டிங் ராக்கில் மட்டும் 56,000 ஏக்கர் முழுகியது. முழுகியது மேட்டு நிலம் இல்லை. ஆற்றங்கரையில் மரமும் விறகும் மூலிகையும் விளைச்சலும் இருந்த தாழ்நிலம். கேனன்பால் ஆறு மிசூரியில் கலக்கும் இடத்தில் முன்பெல்லாம் பெரிய சுழல் இருக்குமாம். அந்தச் சுழலில் உருண்டு உருண்டு மணற்கல் பந்து பந்தாகத் திரளும் என்பார்கள். அதைப் புனிதமாக வைத்திருந்தார்கள். ராணுவப் பொறியாளர் படை ஆற்று வாயை ஆழப்படுத்தி, அணையும் கட்டியபின் சுழல் போய்விட்டது, கல்லும் பிறப்பதில்லை. 2016 ஏப்ரலில் லடோனா பிரேவ் புல் அல்லார்ட் தன் சொந்த நிலத்தில் திறந்த முதல் முகாமுக்குச் சேக்ரட் ஸ்டோன், அதாவது புனிதக் கல், என்று பெயர் வந்தது அதனால்தான். குழாய்க்கு அனுமதி கொடுத்ததும் அதே பொறியாளர் படை. இந்தத் தொடர்ச்சி தெரியாமல் அங்கே போய் 'காலநிலை மாற்றம்' என்று மட்டும் பேசினால் அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

நேரில் போவது பற்றி. நான் போன முதல் நாள் காலையில் புதிதாக வந்தவர்களை ஒரு கூடாரத்தில் உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். இது பிரார்த்தனை முகாம். மது, போதை, ஆயுதம் எதுவும் கூடாது. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, அணையாமல் காக்கும் நெருப்பின் பக்கம் கேமராவையே திருப்பக் கூடாது. 'போராட்டக்காரர்' என்று சொல்லாதீர்கள், நாங்கள் நீர்க் காவலர்கள். யார் என்ன கேட்டாலும் செய்யுங்கள், யாரும் கேட்காததைச் செய்யாதீர்கள். பிறகு சமையல் கூடாரத்துக்குப் போனேன். அங்கே எல்லோரும் உன்ச்சி என்று அழைத்த ஒரு மூதாட்டி இருந்தார். அவர்கள் மொழியில் அதற்குப் பாட்டி என்று பொருள். நான் நீரியல் படித்தவன், ஏதாவது உதவி வேண்டுமா என்றேன். மூன்று மூட்டை வெங்காயத்தைக் காட்டினார். "பேச ஆள் நிறைய வந்திருக்கிறது, உரிக்கத்தான் ஆளில்லை" என்றார். ஆறு நாளில் நான் செய்த வேலையில் பாதி அதுதான். துக்க வீட்டுக்குப் போனால் நாம் நடுவீட்டில் உட்கார்ந்து யோசனை சொல்வதில்லை. பங்காளிகளில் பெரியவர் யார் என்று பார்த்து, என்ன செய்யட்டும் என்று கேட்டுவிட்டு, நாற்காலி எடுத்துப் போடவோ காபி போடவோ போய்விடுவோம். அந்தப் பழக்கம் நமக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. அங்கே தேவைப்பட்டதும் அதுதான்.

நவம்பரில் போனபோது என்னைத் துணிக் கூடாரத்துக்கு அனுப்பினார்கள். நாடு முழுவதிலிருந்தும் அன்போடு அனுப்பிய பெட்டிகள் கூரை வரை. பிரித்தால் அரைக்கைச் சட்டை, பருத்திப் போர்வை, ஒரு பெட்டி நிறைய நீச்சலுடை. வெளியே தண்ணீர்க் கேன் உறைந்து கல்லாகக் கிடக்கிறது. நாங்கள் எட்டுப் பேர் நாள் முழுக்க அதைத் தரம் பிரித்தோம். அந்த எட்டுப் பேரும் விறகு பிளந்திருக்கலாம். நவம்பர் 20 இரவு முகாமுக்குப் பக்கத்துப் பாலத்தில் உறைபனிக் குளிரில் போலீசார் கூட்டத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். நான் பாலத்தில் இல்லை. நனைந்து திரும்பியவர்களுக்கு உலர்ந்த கம்பளிச் சட்டை தேடி அந்தத் துணிக் குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவியது மறக்காது. பிப்ரவரியில் முகாம் காலியானபோது பனியில் புதைந்து கிடந்த கூடாரங்களையும் வண்டிகளையும் துணி மூட்டைகளையும், பனி உருகி ஆறு ஏறுவதற்குள் அப்புறப்படுத்தும் பொறுப்பு ஸ்டாண்டிங் ராக் மக்கள் தலையிலும் விழுந்தது. ஆற்றைக் காக்க வந்தவர்கள் விட்டுப்போன குப்பை ஆற்றில் போய்விடக் கூடாதே என்று அவர்கள் பதறியதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆகவே என் பதில்: அவர்கள் ஆட்களை அழைத்தால் போங்கள். உங்கள் சாப்பாடு, உறக்கம், குளிர் உடை, திரும்பும் வழி எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். எத்தனை நாள் என்று முன்னமே சொல்லிவிடுங்கள். கொண்டுபோனதை எல்லாம் கொண்டுவந்துவிடுங்கள்.

உங்கள் விசா விஷயத்தில் நான் கறாராகவே சொல்வேன். கைதாகக்கூடிய எந்த நடவடிக்கையிலும் நீங்கள் முன்வரிசையில் நிற்க வேண்டாம். வழக்கு தள்ளுபடியானால்கூட, பிறகு நீங்கள் நிரப்பும் விசா, கிரீன் கார்டு, குடியுரிமை விண்ணப்பங்கள் ஒவ்வொன்றிலும் 'எப்போதாவது கைதானதுண்டா' என்று கேட்பார்கள். உண்மையைத்தான் எழுத வேண்டும். ஸ்டாண்டிங் ராக்கில் மாநில வழக்குகள் மட்டும் ஏறத்தாழ 800. அவற்றில் பெரும்பாலானவை நிற்கவில்லை என்பது சரிதான், ஆனால் அதற்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. அதற்குப் பிறகு, 2017-ல் ஒக்லஹோமாவில் தொடங்கி, பல மாநிலங்கள் எண்ணெய்க் குழாய் போன்ற கட்டமைப்புகளுக்குள் நுழைவதைக் கடும் குற்றமாக்கிச் சட்டம் போட்டுவிட்டன. பேனாவால் முன்கையில் வக்கீல் எண்ணை எழுதிக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரிசைக்கு அவர்கள் உங்களைக் கட்டாயம் அழைக்கவும் மாட்டார்கள். விசாவில் இருப்பவர் பின்னால் நிற்பதை யாரும் கோழைத்தனமாக நினைப்பதில்லை.

பணம் பற்றிக் கேட்டீர்கள். பணம் உதவும், போகும் இடம் சரியாக இருந்தால். அன்று தனி மனிதர்கள் திறந்த நிதிப் பக்கங்கள் இணையத்தில் ஏராளம். எவ்வளவு வந்தது, எங்கே போனது என்ற பேச்சு அப்போதே கசப்பை உண்டாக்கிவிட்டது. அந்த இனத்தின் அரசு நடத்தும் கணக்கு, ஜாமீன் நிதி, வழக்கறிஞர் குழு, மருத்துவக் குழு என்று பார்த்துக் கொடுங்கள். ஒன்றுக்கு இரண்டு முறை விசாரித்தே கொடுங்கள். எல்லாரும் பேசி முடித்து, தொலைக்காட்சி வண்டிகள் கிளம்பிய பிறகு கொடுங்கள். வழக்குகள் அப்போதுதான் ஆரம்பிக்கும். உள்ளூரில் வக்கீல்கள் போதாமல், வெளி மாநில வழக்கறிஞர்கள் தற்காலிகமாக வாதாட வடக்கு டகோட்டா உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இங்கேதான் உங்களைப் போன்றவர்களுக்கு நிறைய வேலை இருக்கிறது என்பது என் அனுபவம். குழாயில் கசிவைக் கண்டுபிடிக்கும் கணினி முறை எளிமையானது: இந்த முனையில் உள்ளே போனது எவ்வளவு, அந்த முனையில் வெளியே வந்தது எவ்வளவு, வித்தியாசம் என்ன. அளவுமானிகளுக்கே சிறு பிழை உண்டு என்பதால் ஓட்டத்தில் ஒரு சதவீதத்துக்குக் குறைவான கசிவு அந்தப் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும். இந்தக் குழாயில் ஒரு சதவீதம் என்றால் நாளொன்றுக்கு 6,000 பீப்பாய் வரை. ஒன்பது லட்சம் லிட்டருக்கு மேல். இது கற்பனைப் பயம் இல்லை. 2013-ல் அதே வடக்கு டகோட்டாவில் டயோகா அருகே 20,600 பீப்பாய் நிலத்தில் கொட்டியதைக் கண்டுபிடித்தது எந்த மானியும் அல்ல, கோதுமை அறுத்துக்கொண்டிருந்த ஒரு விவசாயி. 2016 டிசம்பர் 4 அன்று ராணுவத் துறை ஓவாஹியைக் கடக்க அனுமதி மறுத்தது. முகாமில் ஆடிப் பாடினார்கள். மறுநாளே, அங்கிருந்து 150 மைலில் வேறொரு நிறுவனத்தின் குழாய் ஓர் ஓடையில் கசிவதை நிலத்துக்காரர் ஒருவர் பார்த்துச் சொன்னார். கசிவு காட்டும் கருவி காட்டவில்லை.

டகோட்டா அக்சஸ் ஓவாஹிக்கு அடியில் கசியுமா என்று கேட்டால், அதைத் தீர்மானமாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. ஏரிப் படுகைக்கு 90 அடிக்குக் கீழே போகிறது என்று நிறுவனம் சொல்வது உண்மை. குழாய் இல்லையென்றால் ரயிலில் போகும், அது இன்னும் ஆபத்து என்ற வாதத்தையும் நான் தட்டிக் கழிக்க மாட்டேன்: 2013 ஜூலையில் கியூபெக்கின் லாக் மெகாண்டிக்கில் வெடித்து 47 பேரைக் கொன்ற ரயிலில் இருந்தது பாக்கன் எண்ணெய்தான். ஆனால் ஸ்டாண்டிங் ராக் மக்கள் ரயில் நல்லது என்று சொல்லவில்லை. பிஸ்மார்க்குக்கு ஆபத்து என்று கருதிய ஒன்று எங்களுக்கு மட்டும் எப்படி ஆபத்தில்லாமல் போயிற்று, எங்களை ஏன் முறையாகக் கேட்கவில்லை என்றார்கள்.

அந்தக் கேள்விக்குக் காகிதத்தில் பதில் இருந்தது. யாருக்குப் பாதிப்பு அதிகம் என்று ஆராய்ந்த அறிக்கை, கடக்கும் இடத்திலிருந்து அரை மைல் தூரம் வரை மட்டும் எடுத்துக்கொண்டது. ரிசர்வேஷன் எல்லை 0.55 மைலில் இருக்கிறது. வித்தியாசம் சுமார் 80 மீட்டர். அந்த 80 மீட்டரில் ஓர் இனமே கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. 2017 ஜூனில் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் இந்த ஆய்வு போதாது என்றார். 2020 மார்ச்சில் முழுமையான தாக்க அறிக்கை வேண்டும் என்றார். இதற்கு அடிப்படை, ஸ்டாண்டிங் ராக் சார்பில் நிபுணர்கள் எழுதிக் கொடுத்த ஆட்சேபங்கள்: கசிவு கண்டறியும் முறை, நிறுவனத்தின் பாதுகாப்பு வரலாறு, பனிக்காலத்தில் சீர்செய்வது, மோசமான நிலையில் எவ்வளவு கொட்டும். நான்குக்கும் அரசு சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்த ஜூலையில் குழாயை மூடி எண்ணெயை வடிக்கச் சொன்னார். மேல் நீதிமன்றம் மூடுவதை நிறுத்திவைத்தது, ஆனால் அறிக்கை வேண்டும் என்பதை 2021 ஜனவரியில் உறுதி செய்தது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. தண்ணீரைப் பீய்ச்சிய இரவைப் பற்றி உலகம் பேசியது. நான்கு ஆட்சேபங்களை எழுதிய இரவுகளை யாரும் படமெடுக்கவில்லை.

அதற்காக மனு எழுதினாலே போதும் என்று சொல்லிவிடவும் முடியாது. மினசோட்டாவில் என்பிரிட்ஜ் நிறுவனத்தின் லைன் 3 எண்ணெய்க் குழாய் வந்தபோது அனிஷினாபே தொல்குடி மக்களோடு சேர்ந்து பொதுமக்கள் கருத்துக் கடிதங்கள் குவித்தார்கள். ஏறத்தாழ 72,000 வந்தன, அவற்றில் 68,000 எதிர்ப்பு. குழாய் 2021 அக்டோபரில் ஓட ஆரம்பித்தது. நான் அப்போது வார இறுதிகளில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து கடிதம் எழுத வருபவர்களுக்கு உதவினேன். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்புவதைவிட, எந்தப் பக்கத்தில் எந்த எண் தவறு, எந்த ஓடை வரைபடத்தில் இல்லை என்று ஒருவர் எழுதும் ஒரு பக்கம் வழக்கில் நிற்கும் என்பதுதான் அங்கே நான் கற்றது. காட்டரிசி விளையும் ஏரிகளின் பெயர்களை அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல, வரைபடத்தில் குறித்துக் கொடுப்பது போன்ற வேலை. மென்பொருள் தெரிந்தவர் அதை என்னைவிடப் பத்து மடங்கு வேகமாகச் செய்யலாம்.

யார் தலைமை என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் போனதுமே எதிர்ப்படும். தொல்குடி மக்கள் எல்லாரும் ஒரே குரல் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். 2016 டிசம்பரில் இனத் தலைவர் டேவ் ஆர்ச்சம்போ, பனி வருகிறது, வீடு திரும்புங்கள் என்றார். முகாமில் பலர் மறுத்தார்கள், அவர்களிலும் லக்கோட்டாக்கள் இருந்தார்கள். வடக்கே ஃபோர்ட் பெர்த்தோல்டில் உள்ள மூன்று இனங்களின் அரசு எண்ணெய் வருமானத்தில் நடக்கிறது. குழாயை மூடுவதை அது எதிர்த்தது. கனடாவில் வெட்சுவெட்டன் மக்களின் பரம்பரைத் தலைவர்கள் எரிவாயுக் குழாயை எதிர்த்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் ஒப்பந்தம் போட்டிருந்தன. இந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. யாருடைய நிலம், யாருடைய தண்ணீர், யார் அழைத்தார்கள் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்துகொண்டு, அழைத்தவர் சொன்ன அளவோடு நில்லுங்கள்.

அந்த அளவு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கசப்பான உதாரணம் உண்டு. குழாய் நிறுவனமான எனர்ஜி டிரான்ஸ்ஃபர், இந்தப் போராட்டத்தைத் தூண்டியது கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புதான் என்று வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் வடக்கு டகோட்டா ஜூரி 66 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. பின்னால் நீதிபதி அதை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார். அந்தத் தொகையைவிட எனக்கு வலித்தது வழக்கின் அடிப்படைதான். பதின்ம வயதுப் பிள்ளைகள் ஸ்டாண்டிங் ராக்கிலிருந்து வாஷிங்டன் வரை ஓடியே போய் மனுக் கொடுத்தார்கள். ஒரு பெண் தன் நிலத்தைத் திறந்துவிட்டார். உன்ச்சிகள் விடியற்காலையில் ஆற்றங்கரைக்குப் பிரார்த்திக்கப் போனார்கள். அதெல்லாம் வெளியார் யாரோ எழுதிக் கொடுத்த நாடகம் என்று சொல்வது எவ்வளவு பெரிய அவமானம். நாம் ஒலிபெருக்கியைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொய்க்கு ஒரு சாட்சி கூடுகிறது.

பயன் உண்டா என்றால், டகோட்டா அக்சஸில் எண்ணெய் 2017 ஜூனிலிருந்து ஓடுகிறது, அதை மறைக்க முடியாது. ஆற்றைக் கடக்க முதலில் மறுத்துப் பின்னர் கொடுத்த உரிமம் நீதிமன்றத்தில் ரத்தான பிறகும் ஓடியது. இந்தக் குழாயை வங்கிகள் கைவிட வேண்டும் என்று கொடுத்த நெருக்கடியில் நார்வேயின் டிஎன்பி, நெதர்லாந்தின் ஐஎன்ஜி, பிரான்சின் பிஎன்பி பாரிபா ஆகியவை தங்கள் கடன் பங்கை விற்றன. சியாட்டில் நகரம் வெல்ஸ் ஃபார்கோ வங்கியை விட்டு விலக 2017 பிப்ரவரியில் வாக்களித்தது. அது குழாயை நிறுத்தவில்லை, அடுத்த குழாய்க்குக் கடன் கொடுப்பவரை யோசிக்க வைத்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. யோசிக்க வைத்தது என்றே நான் நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது. கீஸ்டோன் எக்ஸ்எல் என்ற இன்னொரு எண்ணெய்க் குழாயில் மட்டும் தெளிவான வெற்றி: லக்கோட்டாக்களும் நெப்ராஸ்கா விவசாயிகளும் பத்து வருஷத்துக்கு மேல் நீதிமன்றத்தில் விடாமல் இழுத்து, 2021-ல் அது கைவிடப்பட்டது.

உங்களுக்குப் பக்கத்திலேயே இப்போது ஒன்று இருக்கிறது. விஸ்கான்சினில் பேட் ரிவர் இன மக்களின் நிலத்தில் 1953-ல் போட்ட லைன் 5 என்ற குழாய். ஆறு வளைந்து கரையை அரித்து, சில இடங்களில் தண்ணீருக்கும் குழாய்க்கும் நடுவே 15 அடிகூட மிஞ்சாத நிலை வந்தது. 2019-ல் அவர்களே வழக்குப் போட்டார்கள். ரிசர்வேஷனுக்குள் உள்ள பகுதியை 2026 ஜூனுக்குள் மூட 2023-ல் நீதிபதி உத்தரவிட்டார், அது மேல்முறையீட்டுக்குப் போனது. அதை நடத்தும் என்பிரிட்ஜ், ரிசர்வேஷனைச் சுற்றிக்கொண்டு 41 மைல் புது வழி கேட்டது. சுற்றிப் போனாலும் அதே ஆற்றின் மேல்நீரில்தான் போகிறது என்று பேட் ரிவர் மக்கள் அதையும் எதிர்க்கிறார்கள். அவர்கள் வெளியிடும் அறிவிப்புகளைப் படியுங்கள், என்ன கேட்கிறார்களோ அதைச் செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ஃபிராங்க்ளின் அவென்யூவுக்குப் போய்வாருங்கள். 1968-ல் அமெரிக்க இந்தியர் இயக்கம் தொடங்கியது உங்கள் ஊரில்தான், அந்தத் தெருவில் இன்றும் தொல்குடி மக்களின் சமுதாயக் கூடம் இருக்கிறது. பொது நிகழ்ச்சி நாளில் போய், சாப்பாட்டுப் பக்கம் கைகொடுக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். தாக்க அறிக்கை ஏதாவது படிக்க வேண்டி வந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.